கல்லில் எழுதிய பெயர்கள்

ஜேர்மனியின் ஹம்பர்க் நகரிலுள்ள சென் ஜோர்ஜ் வைத்தியசாலை வளவில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. எக்ஸ் கதிர்களாலும் ரேடியத்தாலும் உயிரிழந்தோருக்காக 1936 ஏப்ரலில் ஜேர்மன் றொன்ட்ஜன் சங்கம் அதனைத் திறந்துவைத்தது. அன்றே பதினைந்து நாடுகளைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருந்தன. 1959 அளவில் அத்தொகை 350ஐத் தாண்டிவிட்டது. வைத்தியர்களும் பௌதிகவியலாளர்களும் மட்டுமல்ல, தொழில்நுட்ப உதவியாளர்களும் தாதியரும் அக்கல் நினைவுகூர்வோரில் அடங்குவர். ஆங்கிலத்தில் இதனைத் 'தியாகிகளின் நினைவுச்சின்னம்' என்றே வழங்குகிறார்கள்.

தியாகி என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சற்று ஐயம் எழுவதுண்டு. தியாகிக்கு மாலை சூட்டலாம். ஆனால் அவர் நட்டஈடு கேட்டு வழக்காட முடியாது.

அக்கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகர வைத்தியர் ஜோன் ஹோல்-எட்வர்ட்ஸ். 1895 நவம்பரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த 1896இன் தொடக்கத்தில், ஒரு கையில் புதைந்திருந்த ஊசியைப் படம்பிடித்துக் காட்டியவர் அவர். போயர் யுத்தத்தின்போது தென்னாபிரிக்காவில் படையினருக்கும் படம் எடுத்தார். விளைவு, 1908இல் இடக்கையைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. வலக்கையிலும் பெருவிரல் மட்டுமே எஞ்சியது. அரசு அவருக்கு ஆண்டுக்கு 120 பவுண் உதவித்தொகை வழங்கியது. மன்னரின் பெயரால் தரப்படும் அத்தொகை கருணைக்கொடையேயன்றி, உரிமையென்று கேட்டுப் பெறக்கூடியதன்று. அதுவும் பெயர்பெற்ற வைத்தியருக்குக் கிடைத்தது. அதே அறையில் நோயாளியைத் தாங்கிப்பிடித்து நின்ற தாதிக்கு யார் கொடுப்பார்?

1921இல் லண்டன் வைத்தியர் அயன்சைட் புரூஸ் இரத்தசோகையால் மரணமானபோது பத்திரிகைகள் பெரும் பரபரப்பை எழுப்பின. (எங்கள் தொழிலும் சில வேளைகளில் உருப்படியான காரியம் செய்திருக்கிறது.) அவ்வாண்டே பிரித்தானிய எக்ஸ் கதிர், ரேடியப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதன் விதந்துரைப்புகளைப் படிக்கும்போது ஒரு தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படிப்பது போன்றே தோன்றுகிறது. நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலங்களுக்கு மேல் வேலை கூடாது. ஞாயிறு விடுமுறையோடு வாரத்தில் இரண்டு அரைநாட்கள் ஓய்வு வேண்டும், அதனை இயன்றவரை திறந்தவெளியில் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை வேண்டும். அப்பிரிவில் முழுநேரம் பணிபுரியும் தாதியரை வேறு வைத்தியசாலை வேலைக்கு அழைக்கக் கூடாது. கதிரின் அளவை நம்பகமாக அளக்க வழியில்லாத காலத்தில் நேரத்தை அளந்தார்கள். 1928இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் உருவான சர்வதேசக் குழுவும் இவற்றையே பின்பற்றியது.

ஆயினும் இவை அறிவுரைகளே; சட்டமல்ல. 1960இல் சர்வதேச தொழில் அமைப்பு 115ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. பதினாறு வயதுக்குட்பட்டோரை இவ்வேலையில் அமர்த்தக் கூடாது, வைத்திய ஆலோசனைக்கு மாறாக எவரையும் அதில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்பன அதன் ஏற்பாடுகளுட் சில. பிரித்தானியாவில் 1961இல் தொழிற்சாலைகளுக்குக் கதிர்வீச்சு ஒழுங்குவிதிகள் சட்டமாயின. வைத்தியசாலையோ தொழிற்சாலை அல்ல! அங்கு 1957இல் வெளியான நடைமுறைக் கோவைதான் வழிகாட்டி. வார்ப்பாலையில் இரும்பைப் படம்பிடித்த தொழிலாளிக்கு இருந்த சட்டக் காப்பு, மனிதரைப் படம்பிடித்தவருக்கு முழுமையாகக் கிடைக்க 1985ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று சர்வதேச வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். தான் பெற்ற அளவின் பதிவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் அங்குள்ள ஊழியருக்கு உண்டு.

இலங்கையில் 1969ஆம் ஆண்டு அணுசக்தி அதிகாரசபைச் சட்டமும், அதன் இடத்தில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. பிந்தியது ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனிப் பேரவையொன்றை நிறுவியது.

தொண்ணூறுகளில் செய்தியொன்றுக்காக ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவுக்குச் சென்றிருந்தேன். அங்கு பணிபுரிந்த மூத்தவரின் சட்டையில், உள்ளே பிலிம் துண்டு வைத்த சிறிய அட்டை குத்தப்பட்டிருந்தது. அது எதற்கென்று கேட்டேன்.

"எவ்வளவு கதிர் எங்களிலை பட்டது எண்டு பாக்கிறதுக்குத் தம்பி. மாதாமாதம் கழட்டி அனுப்புறம்."

"எவ்வளவாம் அண்ணை?"

அவர் சிரித்தார். "அது எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் கேக்கேல்லை. கேக்கலாமோ எண்டும் தெரியாது."