செம்பனைக் கொழுப்பும் தோட்டத்து நேரமும்: கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு வரலாற்றுத் தடம்

கோலசிலாங்கூர் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் துரைமார், கம்பெனிகள், சந்தை விலை என்ற வழியிலேயே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்தத் தோட்டங்களில் விளைந்த பொருள்களின் உயிர்வேதியியலிலிருந்தும் அதே வரலாற்றைத் தொடங்கலாம். பால்மரமும் செம்பனையும் தமக்குள் உருவாக்கும் மூலக்கூறுகளின் இயல்பே தமிழ்த் தொழிலாளியின் வேலை நேரத்தையும் கைப்பக்குவத்தையும் பெருமளவு வகுத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ரப்பரைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோப்ரீன் என்னும் அலகு ஆயிரக்கணக்கில் தொடுக்கப்பட்ட நீண்ட சங்கிலியே ரப்பர். ஐசோப்ரீனை 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கி வடித்துப் பிரித்தார். மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) கூப்பிட்டதன் உயிரியல் காரணம் அது. ரப்பர்த் துளிகளைச் சுற்றியுள்ள புரதப் படலம் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. நேரம் கடந்தால் நுண்ணுயிர்கள் பாலில் அமிலத்தை உண்டாக்க, பால் வடியும் கிண்ணமான மங்கிலேயே அது உறைந்துவிடும். வெட்டி முடித்த கையோடு பாலைச் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது இதனால்தான்.

செம்பனையின் வருகை இந்த வட்டாரத்துக்கே உரிய வரலாறு. மேற்கு ஆப்பிரிக்கத் தாவரமான அதன் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்ராவின் டெலி பகுதியில் பரவின. சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் போட்டிருந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, நண்பர் அட்ரியன் ஹாலே வழியாக அங்கிருந்து விதை பெற்று 1911–12இல் பயிரிட்டார். காபி சரிவராமல்போன தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிக நோக்கோடு செம்பனை நட்டார். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஊருக்கு அருகிலுள்ள இத்தோட்டமே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம்.

அதற்குள் கொழுப்பின் கட்டமைப்பை வேதியியல் அறிந்திருந்தது. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று செவ்ரல் 1823இல் வெளிவந்த நூலில் நிறுவினார். பாமாயிலிலிருந்து பிரித்த அமிலத்துக்கு ஃபிரெமி 1840இல் பால்மிடிக் அமிலம் என்று பெயரிட்டார். பாமாயிலில் அது ஏறத்தாழ 44 விழுக்காடு. ஓலியிக் அமிலம் சுமார் 40. இவை மும்மூன்றாக ஒரு கிளிசரின் மூலக்கூறில் பிணைந்திருக்கும். அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் எண்ணெயோ தேங்காயெண்ணெய் போல லாரிக் அமிலம் மிகுந்தது. ஒரே பழத்தில் இருவேறு எண்ணெய்கள்.

தோட்டத்தின் கடிகாரத்தைத் திருப்பியது பழச்சதையில் உள்ள லிப்பேஸ் என்னும் நொதி. பழம் முழுதாக இருக்கும்வரை நொதியும் எண்ணெயும் தனித்தனியே கிடக்கும். குலை தரையில் மோதி நசுங்கினால் இரண்டும் கலந்துவிடும். அமிலங்கள் கிளிசரினைவிட்டுப் பிரியும். இப்படிப் பிரிந்த அமிலம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சந்தை ஏற்ற அளவு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற பழைய வகை எண்ணெயில் அது மிகுந்திருந்ததால், பெரும்பகுதி சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போனது. தோட்ட எண்ணெய் மார்கரினாக மாறி ஐரோப்பிய உணவு மேசையை எட்ட உதவியது இந்த அமிலக் கட்டுப்பாடே. வெட்டிய குலையை விரைவாக மில்லுக்குக் கொண்டுசென்று, அழுத்த நீராவியில் சுமார் 140 பாகை வெப்பத்தில் அவித்தால் நொதி செயலிழக்கும்.

ஆனால் நீராவிக்கு முந்தைய கட்டம் முழுக்கத் தொழிலாளியின் கையில் இருந்தது. எண்ணெய் பழத்தில் கடைசிச் சில வாரங்களில்தான் சேர்கிறது. காயாக வெட்டினால் எண்ணெய் இல்லை. மிகக் கனிய விட்டால் அமிலம் ஏறும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்துப் பதம் கண்டு, குட்டை மரத்தில் உளியாலும் நெட்டை மரத்தில் கழியில் கட்டிய அரிவாளாலும் அறுத்தார்கள். இது வெறும் உடலுழைப்பாகவே கணக்கில் எழுதப்பட்டது. ஆய்வகத்தில் அளக்கப்பட்ட தரத்தைத் தோட்டத்தில் கண்ணால் அளந்தவர்களுக்கு அறிவியல் வரலாற்றில் இடமில்லாதது பெரிய அநீதி.

அடுத்தடுத்த மாற்றங்களும் எண்ணெயைப் பெருக்கவே வந்தன. தடித்த ஓட்டு வகையையும் ஓடற்ற வகையையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனெரா கிடைக்கும் என்பதை, பெல்ஜிய கொங்கோவில் பெய்ர்னார்ட் 1941இல் விளக்கினார். மலேசியாவில் மகரந்தச் சேர்க்கை குறைவாக இருந்ததால், பெண்கள் பலர் மரம் மரமாகச் சென்று பூக்களில் மகரந்தப் பொடியை ஊதினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் தோட்டங்களில் விடப்பட்ட ஒரு வகைக் கூன்வண்டு அந்த வேலையைத் தானே செய்தது. விளைச்சலுக்கு நன்மைதான், அந்தப் பெண்களின் வேலை போனது.

எண்ணெயின் செந்நிறமும் கவனத்துக்குரியது. அது கரோட்டினின் நிறம். பீட்டா கரோட்டினில் 40 கார்பன் அணுக்கள் உண்டு; அதாவது எட்டு ஐசோப்ரீன் அலகுகள். பால்மரத்தின் ரப்பரும் செம்பனையின் சிவப்பும் ஒரே அடிப்படை அலகிலிருந்து பிறந்தவை. உடல் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது என்று தாமஸ் மூர் 1930இல் காட்டினார். மாலைக்கண் நோயைத் தடுப்பது இந்த வைட்டமின். சுத்திகரிக்காத பாமாயிலில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் உண்டு. சந்தைக்கோ வெளிறிய எண்ணெய்தான் வேண்டியிருந்தது. வெளுப்பு மண்ணும் 240 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் கரோட்டினை அகற்றின. செந்நிறம் மாறாத சமையல் எண்ணெயைத் தயாரிக்கும் முறையை மலேசிய ஆய்வாளர்கள் உருவாக்கியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். மூலக்கூறின் பயன் தெரிந்தபின்னும் நிறத்துக்காக அதை எரித்துவந்தது வருந்தத்தக்கது.

விதையின் வரலாறும் வண்டின் வரலாறும் ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. குலையின் பதம் பார்த்தவர்கள், மகரந்தம் ஊதியவர்கள், மங்கில் பால் உறையுமுன் ஓடியவர்கள் இந்த வட்டாரத்தில் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சொற்களையும் வேலை முறைகளையும் அவர்கள் வாயாலேயே கேட்டு ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தமிழ்ப் பள்ளிகளும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளும் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.