லினக்ஸ் முறைமைக் காப்பும் மீட்பும்

லினக்ஸ் முறைமைக் காப்பும் மீட்பும் என்பது, கணினியின் வன்தட்டை மாற்றும்போதோ அதன் பிரிவுகளைத் திருத்தியமைக்கும்போதோ, இயங்குதளத்தையும் பயனர் தரவுகளையும் வேறோர் ஊடகத்தில் நகலெடுத்து வைத்து, புதிய அமைப்பில் மீண்டும் இயங்கச் செய்யும் செயன்முறையாகும்.

இதற்கான கருவிகளுள் நீண்ட வரலாறுடையதும் இன்றளவும் நம்பத்தக்கதும் டார் ஆகும். யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் 1979இல் வெளிவந்த இந்நிரல், காந்த நாடாவுக்கென அமைந்தமையால், ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டுத் தலைப்புத் தொகுதியொன்றை இட்டு, கோப்பின் பெயர், அளவு, அனுமதிகள், திருத்திய நேரம், உரிமையாளரின் எண் ஆகியவற்றை அதிற் பதிகின்றது. 1988ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமம் உரிமையாளரின் பெயரையும் சேர்த்தது. பயன்மிக்க இச்சேர்க்கையே மீட்பின்போது இடரும் தருகின்றது: யுஎஸ்பியிலிருந்து இயக்கப்படும் தற்காலிக லினக்ஸில் அதே பெயருக்கு வேறு எண் இருப்பின், டார் பெயரையே பின்பற்றுவதால், தரவுத்தளம் போன்ற சேவைகளின் கோப்புகள் பிறிதொரு கணக்குக்கு உரியனவாகிவிடும், ஆகவே எண்ணையே கொள்ளுமாறு கட்டளையிடுவது இன்றியமையாதது. ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மக்கரஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்டதும் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்ப வல்லதுமான ஆர்சிங்குக்கும் இவ்விதி பொருந்தும். தட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்கும் டிடி முறை, வெற்றிடத்தையும் சேர்த்து நகலெடுத்துப் பழைய பிரிவமைப்பையே திரும்பக் கொணர்வதால், அமைப்பு மாற்றத்துக்கு ஏற்றதன்று.

இயங்கிக்கொண்டிருக்கும் முறைமையில் கோப்புகள் இடையறாது மாறுவதால், மேற்கூறிய தற்காலிக லினக்ஸை இயக்கி வெளியிலிருந்தே நகலெடுத்தல் வேண்டும். இயங்கும்போதே நகலெடுக்க நேரின், இயங்குதளத்தின் மையமான கருனி நினைவகத்தில் தோற்றுவிக்கும் புராக், சிஸ் கோப்புறைகள் விலக்கப்படும்.

கோப்புகள் திரும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிதாக வடிவமைத்த ஒவ்வொரு பிரிவும் பொதுவாக 32 பதினறும இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள எண்ணைப் பெறுவதால், பிரிவுகளைப் பட்டியலிடும் எப்எஸ்டாப் கோப்பில் பழைய எண் எஞ்சியிருப்பின், கணினி இல்லாத பிரிவுக்காக வழமையாக 90 வினாடி காத்திருந்து அவசரநிலைத் திரைக்குச் சென்று நின்றுவிடும். பல தட்டுகளை ஒன்றிணைக்கும் ரெய்டு அமைப்புக்கு மாறும்போது, தொடக்க நினைவகப் படிமத்தையும் அதற்கான நிரல்களுடன் மீளவுருவாக்குதல் வேண்டும். இறுதியாக, தொடக்க ஏற்றியான குரப்பைப் புதிய தட்டில் நிறுவுதல் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் இருந்ததுபோல, விண்டோசும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே தட்டில் அமையும்போது, விண்டோஸ் மறுநிறுவலில் முதல் வட்டக்கூறிலுள்ள குரப் அழிபடுவதால், காப்பு எடுத்தவருக்கும் குரப்பை மீள நிறுவும் இந்தப் படிநிலை தவிர்க்கவியலாதது.

அண்மைக் காலத்தில் பிடிஆர்எப்எஸ், இசட்எப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளின் கணநேரப் படிமங்களும் பயன்படுத்தப்படுகின்றன.