உயிர்ச்சத்து டி-யும் முன்நீரிழிவும்: ஒரு கருதுகோளின் வரலாறு

உயிர்ச்சத்து டி குன்றிய எலிகளின் கணையம் இன்சுலினைக் குறைவாகவே சுரக்கிறது என 1980இல் நார்மன் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். அவ்வாய்வு இன்சுலின் சுரப்பைப் பற்றியது. இன்சுலின் எதிர்ப்புநிலையைப் பற்றியதன்று. பின்வந்தோர் இரண்டையும் ஒரே கருதுகோளுக்குள் இணைத்தனர். இச்சத்துக் குறைந்த மக்களிடையே நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டமை அதற்கு வலுச்சேர்த்தது. ஆயினும் உடற்பருமன் இரண்டிற்கும் பொதுக்காரணியாகலாம் என்பதால் சமவாய்ப்புச் சோதனை இன்றியமையாததாயிற்று.

அமெரிக்காவின் 'டி2டி' சோதனை (2019) முன்நீரிழிவுடைய 2,423 பேரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கண்காணித்தது. நாள்தோறும் 4,000 அலகு உயிர்ச்சத்து டி பெற்ற பிரிவில் 293 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற பிரிவில் 323 பேருக்கும் நீரிழிவு தோன்றியது. புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. கருதுகோள் வீழ்ந்தது எனப் பலர் முடிவுகட்டினர், அம்முடிவு அவசரமானது. பங்கேற்றோருள் ஐந்தில் நால்வர்க்குத் தொடக்கத்திலேயே இச்சத்து போதிய அளவில் இருந்தது. 1980இன் வினா குறைபாட்டைப் பற்றியது. 2019இன் விடையோ பெரிதும் குறைபாடற்றோரிடம் பெறப்பட்டது.

மூன்று சோதனைகளின் தரவுகளை ஒருங்கிணைத்த 2023ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவதாகக் கண்டது.