பல்கலைக் கழகமும் அதன் நிலமும்: பேராதனை தரும் பாடம்

பல்கலைக் கழகம் அறிவினால் ஆவதேயன்றிக் கல்லினாலும் சுண்ணாம்பினாலும் ஆவதன்று என்பர் அறிஞர். அஃது உண்மையே. ஆயினும் கற்பிப்போர்க்கு மண்டபமும், கற்போர்க்கு உறைவிடமும், நூல்களுக்குப் பாதுகாப்பும் அமையாவிடத்து அவ்வறிவு நிலைகொள்ளுதல் அரிது. எத்தனை மாணவர் வருவர், அவர் எங்கே தங்குவர், அவர் தொகை பெருகின் இடத்துக்கு எங்கே போவது என்னும் மூன்று வினாக்களுக்கும் நமது நாடு கண்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைக்கெனப் பல்கலைக் கழகமொன்று வேண்டுமென்னும் இயக்கம் 1906ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அம்முயற்சியின் முதற் பயனாக 1921இல் கொழும்பிற் பல்கலைக் கழகக் கல்லூரி தோன்றியது. அங்கு கற்றோர் இலண்டன் பல்கலைக் கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினர். செல்வர் ஒருவரின் வாசத்துக்கென எழுந்த மாளிகையே அக்கல்லூரியின் இல்லமாயிற்று. உயர்கல்வி இந்நாட்டில் இரவல் வீட்டிலேயே குடிபுகுந்தது எனலாம்.

கல்லூரியைப் பல்கலைக் கழகமாக உயர்த்த முற்பட்டபோது எழுந்த பெரும் பிணக்கு பாடத்திட்டம் பற்றியதன்று; நிலம் பற்றியதே. 1920ஆம் ஆண்டுகளில் மூண்ட இவ்வாதத்தை வரலாற்றாசிரியர் 'இடப்போர்' என்றே குறிப்பிடுவர். கொழும்பை வேண்டியோர், மருத்துவக் கல்லூரியும் வைத்தியசாலையும் நீதிமன்றங்களும் நூதனசாலையும் அங்கேயே உள்ளன என்றனர். கண்டியை வேண்டியோர், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாழ்ந்து கற்பதற்கு நகரின் ஆரவாரத்துக்கு அப்பாற்பட்ட அகன்ற நிலமே ஏற்றது என்றனர். தும்பறைப் பள்ளத்தாக்கு முதலில் ஆராயப்பட்டது. ஈற்றில் 1938இல் பேராதனை தெரிந்தெடுக்கப்பட்டது. நிலத்தைத் தேர்வதிலேயே ஒரு தலைமுறைக்குரிய காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக் கழகம் தாபிக்கப்பெற்றது. சேர் ஐவர் யெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். அப்பொழுது மாணவர் தொகை 904. இச்சிறு தொகைக்காக ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம் எதற்கு என ஐயுறுவார் அன்று இருந்திருப்பின் வியப்பில்லை. பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபட் ஹொலிடேயும் நகரமைப்புத் திட்டத்தை வகுத்தனர். சேர்லி டி அல்விஸ் கட்டடங்களுக்கு வடிவந் தந்தார். ஹந்தானை மலையின் அடிவாரத்தில், மகாவலி கங்கையின் அருகே, நிலத்தின் ஏற்றவிறக்கத்தை அழிக்காமல் மண்டபங்களும் விடுதிகளும் எழுந்தன. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க என்னும் பெரியோரின் பெயர்களை விடுதிகள் தாங்கின. 1949இற் சிலரோடு தொடங்கிய இடமாற்றம் 1952இற் கலைப்பீடம் சென்றதும் நிறைவை நோக்கியது. 1954ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் எலிசபெத் மகாராணியார் வருகைதர அதன் திறப்பு விழா நிகழ்ந்தது.

இத்திட்டத்தின் அடிக்கல் ஒரு கொள்கையாகும்: மாணவர் யாவரும் வளாகத்திலேயே உறைதல் வேண்டும். ஆகவே ஒரு மாணவனைச் சேர்ப்பதென்பது அவனுக்கு ஒரு கட்டிலையும் மேசையையும் கூரையையும் உறுதிசெய்வதாகும். ஆனால் திட்டம் வரைந்த காலத்திலேயே அதனை மேவும் வெள்ளம் ஒன்று புறப்பட்டிருந்தது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாகக் கிராமங்களிற் கற்ற பிள்ளைகள் பதினைந்து ஆண்டுகளிற் பல்கலைக் கழக வாயிலை அடைந்தனர். 1960இற் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் போதிக்கப்பெறத் தொடங்கியதும் அவ்வாயில் மேலும் அகன்றது. 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நாட்டின் பல்கலைக் கழக மாணவர் தொகை பதினாயிரத்தைக் கடந்துவிட்டது. ஒருவருக்கென அமைந்த அறையிற் பலர் உறையவும், பலர் வெளியே வாடகை இடந் தேடவும் நேர்ந்தது.

இங்கேதான் நிலத்தின் அருமை விளங்குகின்றது. விடுதிகள் போதாவாயினும் பேராதனையில் மண் போதியதாய் இருந்தது. விஞ்ஞான பீடமும் மருத்துவ பீடமும் அங்கே அமைந்தன. 1964இற் பொறியியற் பீடம் கங்கையின் மறுகரையிற் குடியேறியது. முன்னோர் வாங்கிவைத்த வெறுநிலமே பின்னோரின் முட்டுப்பாட்டைத் தணித்தது.

இதற்கு மாறான நிலையை நமது யாழ்ப்பாணத்திற் காணலாம். 1974இல் இங்கு வளாகம் அமைந்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் திருநெல்வேலிக் கட்டடங்களே அதற்கு இல்லமாயின. விஞ்ஞானக் கல்வி வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவிருந்த இடத்தில் தொடங்கியது. பாடசாலைக்கென அளந்த காணி பல்கலைக் கழகத்துக்குப் போதுமோ? சுற்றிலும் வீடுகளும் தோட்டங்களும் நெருங்கிய ஊரில் ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் அயற்காணியை நாடவேண்டியதாயிற்று. இன்று விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் நிற்றற்கு வன்னியின் விரிந்த நிலம் ஒரு காரணமன்றோ?

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாது? அனுமதியை விரிவாக்க ஒரு சுற்றுநிருபம் போதும். விடுதியொன்றை எழுப்பப் பல ஆண்டுகள் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தின் சுமை முழுவதும் வறிய மாணவன் தலைமேலேயே விழுகின்றது. வசதியுள்ளவன் நல்ல அறையொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்வான். தூரக் கிராமத்து உழவன் மகனோ உணவுக்குரிய பணத்தை உறைவிடத்துக்கு ஈவான். கட்டணமின்றிக் கற்பிக்கும் நாடு கூரையின்றிக் கற்பிக்குமாயின், ஒரு கையால் ஈந்ததை மறு கையால் வாங்கியதாகும். ஆதலின் மாணவர் தொகை, நிலம், விடுதி ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதிக் கணக்கிடுதல் வேண்டும். நிலத்தை முன்னதாகவும் தாராளமாகவும் தேடுதல் வேண்டும். கட்டடத்தைப் பின்னரும் கட்டலாம். ஊர் சூழ்ந்துவிட்ட பின் நிலத்தை விரித்தல் எவர்க்கும் எளிதன்று.