கண்ட்ரோல் காலத்துக் கண்டாங்கி

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 அன்று பர்மாவின் இரங்கூனில் குண்டு விழுந்தது; அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளத்தூர் உள்ளிட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் இதன் விளைவைப் பேசும்போது, பர்மாவில் போன நிலத்தையும் போன கடையையும்தான் பேசுவோம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் பேரேடு அது. உள்வீட்டுப் பெட்டகத்துக்குப் பேரேடு கிடையாது.

பெட்டகத்தில் பட்டு இருந்தது, பொன் இருந்தது. தட்டுப்பாடானது அன்றாடம் உடுத்தும் பருத்தி. ஜப்பான் துணி வரவு நின்றது. இந்திய ஆலைகளோ படைக்குத் துணி நெய்தன. விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணியின் மேலேயே விலை முத்திரை குத்தப்பட்டது. ஏழைகளுக்கென்று மலிவான ‘ஸ்டாண்டர்டு’ துணியும் வந்தது. ‘கண்ட்ரோல்’ தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

கைத்தறி பக்கத்திலேயே இருந்ததே என்று கேட்கலாம். காரைக்குடிப் பகுதித் தறிகளில் நெய்யப்படும் கண்டாங்கி கெட்டியான சேலை. அகலக் கரையும் கட்டங்களுமாய் அடிக்கடி துவைத்தாலும் தாங்கும். ஆனால் தறிக்கு நூல் ஆலையிலிருந்துதான் வரவேண்டும். நூலும் கட்டுப்பாட்டுக்குள் போனபின் நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஜெர்மனிச் சாயமும் 1939-லேயே நின்றுவிட்டது. சுதேசித் துணி போரிலிருந்து நம்மைக் காத்தது என்று மேடைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், பிரிட்டனில் 1941 ஜூன் முதல் உடைக்குக் கூப்பன். பிறகு மடிப்புக்கும் பொத்தானுக்கும்கூட அரசு வரம்பு வைத்தது. பின்கொசுவம் வைத்துக் கட்டும் சேலையில் எதைக் குறைப்பது? கஜத்தைக் குறைத்தால் கட்டே நில்லாது. நகரத்தார் பெண்களான ஆச்சிமாருக்கு இருந்த வழி, உள்ளதைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் உடுத்துவதுதான்.

அணிகலனின் கதை வேறு. ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணாடி வளையல் நின்றது. அந்த இடத்தைப் பிரோசாபாத் வளையல் பிடித்தது. உலோகமோ சேமிப்பாயிற்று: 1940-இல் ரூபாய் நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டதும், பழைய ரூபாயை வைத்திருந்தவர்கள் அதை வெளியே விடவில்லை. கலியாணத்துக்கும் அறுபதாம் கலியாணத்துக்கும் மட்டும் கழுத்தேறும் கழுத்துரு என்னும் பொன் தாலி, பர்மா வரவு நின்ற வீடுகளில் வேறு பொருளாயிற்று. அதுவரை கௌரவம்; இனிக் கைமுதல். ஆண்களின் முதல் அயலூரில் முடங்கியபோது வீட்டில் எஞ்சிய முதல் பெண்களுடையதாக இருந்தது. இதை நகரத்தார் வரலாறு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவுக்குக் கிடைத்த பெருமை அது. உடுத்தியவர்களின் கதை இன்னும் வீடுகளுக்குள்தான் கிடக்கிறது. இதைப் படிக்கும் அன்பர்களே, பழைய சேலையைப் பாத்திரக்காரரிடம் போடுமுன், அதன் நீளத்தையும் கரையையும் முத்திரை ஏதும் இருந்தால் அதையும் படம்பிடித்து, உடுத்தியவர் பெயரோடு எழுதி வையுங்கள்.