மங்களூர் ஓடு தீவேறிய கதை

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் மிஞ்சியிருக்கும் பழைய நாற்சார் வீடுகளை நம் மண்ணின் வீடுகள் என்கிறோம். சுவருக்கு அது முழுக்கப் பொருந்தும்: முருகைக்கல்லும், அதையே சுட்டெடுத்த சுண்ணாம்பும். வளையும் சிலாகையும் முற்றிய பனையின் வைரம். மேலே கிடக்கும் தட்டை ஓடு மட்டும் கடல் கடந்து வந்தது.

அதன் அச்சு பிறந்தது பிரான்சின் அல்சாஸ் பகுதியில். 1841இல் அங்கே கிலார்டோனி சகோதரர்கள், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த வகை ஓட்டைச் செய்ய, 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது. நேத்திராவதி ஆற்றுக் களிமண் அச்சில் அழுந்தி, சூளையில் வெந்து, ஆலையின் பெயரைத் தாங்கிக் கப்பலேறியது.

யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மங்களூருக்குத் தெற்கே நீளும் மலையாளக் கரை நம் வணிகருக்குப் புதிதல்ல. புகையிலையும் பனைமரமும் கடலேறிப் போன குடாநாட்டுக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓடும் வந்து சேர்ந்தது. தீவகத்தின் துறைமுகமும் சுங்கமும் கடற்கோட்டைக்கு எதிரே, ஊர்காவற்றுறையில் இருந்தன.

அதுவரை வீட்டுக்கு மேலே பனையோலை. வசதியுள்ளவருக்குப் பீலி ஓடு. ஓலையை அடிக்கடி மாற்றி வேய வேண்டும், தீப்பொறிக்கும் அஞ்ச வேண்டும். பீலி ஓடு அடுக்கடுக்காய்க் கிடந்து மரத்தில் பாரம் ஏற்றும். புதிய ஓடோ அடிப்புறக் குமிழால் சிலாகையைப் பற்றி, ஓர விளிம்பால் அடுத்த ஓட்டைப் பூட்டிக்கொண்டது. குறைந்த பாரத்தில் அகன்ற கூரை வாய்த்தது. நான்கு சார்களின் உட்சரிவுகளும் மாரிமழையை நடுமுற்றத்துக்கு இறக்கின. கிணறுகள் உவர்க்கும் தீவில், பீலியடியில் கிடாரம் வைத்து அந்த நீரைப் பிடிப்பது சிறு பேறல்ல.

1990-91இல் போரால் தீவு மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகள் ஆளின்றி நின்றன. ஓர் ஓடு விலகினால் சிலாகை நனையும். சிலாகை உளுத்தால் வளை இறங்கும். பிறகு மழை சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துச் சுவரைச் சாய்க்கும். நாற்சார் வீடு சாவது மேலிருந்துதான்.

ஆகவே காப்பதும் மேலிருந்தே தொடங்க வேண்டும். தூணுக்கு வர்ணம் பூசுவதும் கதவை மெருகேற்றுவதும் பிறகு ஆகட்டும். இடிந்த வீட்டு ஓடுகளை வெளியூருக்கு விற்காமல், அதே அச்சு ஓடு வேய்ந்து இன்னும் நிற்கிற வீட்டுக்குக் கொடுப்போம். மாரிக்கு முன் கூரையேறி, உடைந்த ஓட்டை மாற்ற ஒருவரை அமர்த்துவோம். மங்களூரிலிருந்து இத்தனை தூரம் வந்த ஓட்டுக்கு அடுத்த தெருவரை வழிவிடுவது நம் கையில் இருக்கிறது.