மழைக்காலச் சளி, இருமல், காய்ச்சல்: வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க வேண்டிய 8 மூலிகைகளும் பயன்படுத்தும் முறையும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு, உடல்வலி ஆகியவை வீட்டுக்கு வீடு வந்துவிடும். நாற்றங்காலிலும் நடவு வயலிலும் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கும் விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதற்குச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் காலம் காலமாகப் பயன்படுத்தி வரும் மூலிகைகளில் பெரும்பாலானவை நம் வரப்பிலும் வேலியிலும் தானாகவே வளர்பவை. அவற்றை எப்படி வளர்ப்பது, எந்த அளவில் எடுத்துக்கொள்வது, யாருக்கு ஆகாது, எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற 8 மூலிகைகள்

1. துளசி
விதை மூலமாகவும் தண்டுக் குச்சி மூலமாகவும் வளர்க்கலாம். பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் இலை நிறையத் தழைக்கும். தொண்டைக் கரகரப்புக்கும் சளிக்கும் பத்துப் பன்னிரண்டு இலைகளுடன் 2 மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்த கஷாயத்தில் துளசி 4 பங்கு, பட்டை 2 பங்கு, சுக்கு 2 பங்கு, மிளகு 1 பங்கு இருந்தன.

2. ஓமவல்லி (கற்பூரவல்லி)
ஒரு சாண் நீளத் தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும். அரைநிழல் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். 2, 3 இலைகளைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். பஜ்ஜி போட்டும் ரசத்தில் சேர்த்தும் சாப்பிடலாம். மூக்கடைப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் இதம் தரும்.

3. ஆடாதோடை
ஆடு தொடாத இலை என்பதால் உயிர்வேலிக்கு மிகவும் ஏற்றது. முற்றிய குச்சியை நட்டால் போதும். இலையைப் பூச்சிவிரட்டிக் கரைசலிலும் சேர்க்கலாம். இதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்தே, ஆங்கில மருத்துவத்தில் சளியை இளக்கித் தரும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. நெஞ்சில் கட்டிய சளிக்கு இலைக் கஷாயம் கொடுப்பது வழக்கம். இது கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது. கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

4. தூதுவளை
வேலியில் படரும் முட்கொடி. விதையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளரும். இலையின் அடிப்பக்க நரம்பிலும் முள் இருக்கும். அதை நீக்கிவிட்டு நெய்யில் வதக்கித் துவையலாக அரைக்கலாம், ரசமும் வைக்கலாம். வாரத்தில் ஓரிரு நாள் உணவாகவே சேர்த்துக்கொள்வது நல்லது.

5. நொச்சி
வயல் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் குச்சி ஊன்றி வளர்க்கலாம். தலைபாரத்துக்கும் மூக்கடைப்புக்கும் ஆவி பிடிக்கப் பயன்படுகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தைகளைக் குனியவைக்கக் கூடாது. பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. நெல், பயறு சேமிப்பில் காய்ந்த நொச்சி இலையைப் போட்டுவைப்பதும் நம் பழைய வழக்கம்தான்.

6. நிலவேம்பு
விதை தூவி வளர்க்கும் ஓராண்டுச் செடி. பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து நிழலில் உலர்த்த வேண்டும். இதை முதன்மைச் சரக்காகக் கொண்ட நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகியவையும் சேர்ந்து மொத்தம் 9 சரக்குகள் உள்ளன. எனவே வெறும் நிலவேம்பு இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், நிலவேம்புக் குடிநீர் குடிப்பதும் ஒன்றல்ல. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

7. சீந்தில்
வேப்பமரத்தில் ஏற்றிவிட்டால் தானே வளரும் கொடி. தண்டுதான் மருந்து. நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று பலர் இதை மாதக்கணக்கில் தினமும் குடிக்கிறார்கள். கொரோனா காலத்தில் அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். உருவத்தில் ஒத்த வேறொரு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் அளித்தது. எது காரணமாக இருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான்: சரியான கொடி என்று உறுதி செய்யாமலும், மருத்துவர் சொல்லாமலும் நீண்ட நாள் குடிக்கக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

8. கீழாநெல்லி
மழை பெய்ததும் வரப்பில் களையாக முளைக்கும். இலைக்காம்பின் கீழ்ப்புறம் நெல்லிக்காய் வடிவில் சிறு காய்கள் வரிசையாக இருப்பதே அடையாளம். மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுப்பது கிராமத்து வழக்கம். காமாலை என்பது ஒரே நோயல்ல. கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும். இரத்தப் பரிசோதனை செய்து காரணம் தெரிந்துகொள்ளாமல் கீழாநெல்லியை மட்டும் நம்பியிருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சமையலறையில் இருப்பவை

மஞ்சள், மிளகு, சுக்கு, சீரகம், பூண்டு, பெருநெல்லி ஆகியவை அன்றாட உணவிலேயே பலன் தருபவை. 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள் கலந்து இரவில் குடிக்கலாம். மிளகு சேரும்போது மஞ்சளின் சத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் மஞ்சள், பூண்டு ஆகியவற்றை மருந்து அளவில் தனியாக எடுக்கக் கூடாது. அதிமதுரம் இருமலுக்கு நல்லதுதான்; அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும்.

குடிநீர் தயாரிக்கும் முறை

• குடிநீர்ச் சூரணம் ஒரு தேக்கரண்டி (சுமார் 5 கிராம்) எடுத்து 200 மில்லி தண்ணீரில் போடவும்.
• சிறு தீயில் 50 மில்லியாக, அதாவது நாலில் ஒரு பங்காக வற்றவைத்து வடிகட்டவும்.
• சூடு ஆறியதும் அப்போதே குடித்துவிடவும். காலையில் வைத்ததை மாலையில் சூடுபடுத்திக் குடிக்க வேண்டாம்.
• எத்தனை நாள் குடிப்பது என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும். வருடம் முழுவதும் குடிப்பதற்கான மருந்து அல்ல இது.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை

• களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த வயல், வரப்பு, அதன் வடிகால் ஓரம் ஆகிய இடங்களில் எந்த மூலிகையும் பறிக்காதீர்கள். கீழாநெல்லி களையாக வளர்வதால் அதன் மேல் மருந்து பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மருந்துக்கென்று தொட்டியிலோ தனிப் பாத்தியிலோ வளர்ப்பதே பாதுகாப்பு.
• இலைகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். பூஞ்சை பிடித்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.
• செடியை நன்கு அறிந்தவரிடம் காட்டாமல் பயன்படுத்தாதீர்கள். கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தள், ஒடுவன் தழை, அரளி ஆகியவை கொடிய விஷம். கிழங்கு என்று எண்ணிச் செங்காந்தளைச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.
• கடையில் சூரணம் வாங்கும்போது உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கலாம். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் சொல்லும் வசம்பையும் சுட்டு உரைத்து நாக்கில் தடவ வேண்டாம் என்றே குழந்தைகள் நல மருத்துவர்கள் கூறுகிறார்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும் உரிய காலத்தில் போடும் தடுப்பூசியுமே நோய் எதிர்ப்புச் சக்தி.

விவசாயிகள் ஏமாந்துவிடக் கூடாத காய்ச்சல்கள்

கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று நாட்களைக் கடத்துவதால்தான் பல உயிர்கள் போகின்றன. கீழ்க்கண்ட மூன்றில் முதல் இரண்டும் வயல்வேலை செய்பவர்களை அதிகம் தாக்குபவை.

எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், கால் வெடிப்பு மற்றும் காயங்கள் வழியாக உடலில் இறங்கும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், பிறகு மஞ்சள் காமாலை வரலாம்.

உண்ணிக் காய்ச்சல்: புதர்களிலும் புல்லிலும் இருக்கும் சிறு பூச்சி கடிப்பதால் வருவது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் புண் தெரியலாம். புல் அறுத்து வந்தபின் காய்ச்சல் வந்தால் உடம்பு முழுவதும் பாருங்கள்.

டெங்கு: காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. சூடு குறையும் அந்த நாட்களில்தான் நிலைமை மோசமாகும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். ஆஸ்பிரின், புரூபன் வகை வலி மாத்திரைகளைச் சாப்பிடக் கூடாது.

முதல் இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற, விலை மலிவான மாத்திரைகளே உயிரைக் காக்கின்றன. ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். எனவே காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். "வயலில் வேலை செய்தேன்" என்பதையும், என்ன கஷாயம் குடித்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அங்கேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு இருந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எந்த மூலிகையும் நோயே வராமல் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. வயிறார உணவு, நல்ல உறக்கம், கொதிக்கவைத்த குடிநீர், சேற்றில் இறங்கும்போது காலுறை பூட்ஸ், காயத்துக்கு டிடி ஊசி ஆகியவைதான் அடிப்படை. அவற்றோடு வீட்டு வாசலில் ஒரு துளசியும், கிணற்றடியில் ஓமவல்லியும், வேலியில் தூதுவளையும் ஆடாதோடையும் இருந்தால், சாதாரணச் சளி இருமலுக்குக் கடைக்கு ஓட வேண்டிய தேவை குறையும். இந்த மழையிலேயே நான்கு குச்சிகள் ஊன்றிவிடுங்கள்; அடுத்த பருவத்துக்கு இலை பறிக்கலாம்.